கேஷும் காசும் ஒண்ணா?

மதுரை செல்லூரில் தறிக்கூலி வாங்கினாலும் டீக்கடையில் நீட்டினாலும் அது 'காசு'. அதையே பேங்க் கவுன்ட்டரில் கட்டப் போனால் 'கேஷ்' ஆகிவிடுகிறது. இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதால், 'கேஷ் என்ற ஆங்கில வார்த்தையே நம்ம காசிலிருந்து போனதுதான்' என்று மேடைப் பேச்சு முதல் வாட்ஸ்ஆப் வரை எல்லா இடத்திலும் பெருமையாகச் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆங்கில அகராதியைப் புரட்டினால் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு 'கேஷ்' இருக்கும். பேங்கில் புழங்கும் கேஷுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆனது, பிரான்சில் 'கெஸ்' ஆனது, 16ம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்து 'கேஷ்' ஆனது. ஆரம்பத்தில் அதற்குப் பணப்பெட்டி என்றுதான் அர்த்தம். போகப்போகப் பெட்டி மறைந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் மிஞ்சியது. இது ஒன்றும் விசித்திரம் இல்லை. நம் ஊரில் கல்லா என்றால் பெட்டி. 'இன்னைக்கு நல்லா கல்லா கட்டிட்டாரு' என்றால் வசூல்! கேஷியர் என்பவரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்தான். ஆனால் ராணுவ அதிகாரி ஒருவரை 'கேஷியர்' செய்தார்கள் என்றால் பதவியைப் பறித்து அனுப்பினார்கள் என்று பொருள். அது உடைத்தல், ரத்து செய்தல் என்ற வேரிலிருந்து வந்த வேறு சொல்.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்ச்சுக்கீசியர்கள் நம் கடற்கரைகளில் வியாபாரம் செய்தார்கள். இங்கே புழங்கிய சில்லறையின் பெயர் காசு. அவர்கள் அதைத் தங்கள் மொழியில் 'கைஷா' என்று எழுதினார்கள். கைஷா என்றால் அவர்களுக்கு ஏற்கெனவே பெட்டி! காதில் விழுந்தது காசு, கையில் எழுதியது பெட்டி. ஆங்கிலேயர்கள் அதையும் 'கேஷ்' ஆக்கிவிட, இரண்டு சொற்களும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. குழப்பம் அங்கே பிறந்ததுதான். சீனாவின் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசையும் ஐரோப்பியர்கள் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள். சீனர்கள் அதை 'வென்' என்றுதான் சொல்லியிருப்பார்கள், பாவம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த சோஹோ ஆலையில் 1803லும் 1808லும் கம்பெனி செப்பு நாணயங்களை அடித்தது. 1808ம் ஆண்டு நாணயத்தின் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் 'இருபது காசு என்பது நான்கு ஃபலூஸ்' என்ற பொருளில் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் 20, 'கேஷ்'. காசு நம்முடையது, ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்து கிடையாது! இந்த 1808 நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தைக்கு வரவேண்டிய சில்லறை, இன்று நாணயம் சேகரிப்பவர்களிடம் விலைபோகிறது.

தமிழில் காசு அதற்கெல்லாம் பல நூற்றாண்டு மூத்தது. செல்லூரை ஒட்டி ஓடும் வைகையின் மணலில் ரோமானியர்களின் செப்புக் காசுகள்கூடக் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய புழக்கம் இந்த ஊருடையது. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு, அன்றாடு நற்காசு என்று தனித்தனிப் பெயர்களே உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 சதவீதம். பழைய தமிழில் காசுக்கு மணி என்ற அர்த்தமும் உண்டு, குற்றம் என்ற அர்த்தமும் உண்டு. வெண்பாவின் கடைசிச் சீருக்கு 'நாள், மலர், காசு, பிறப்பு' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இன்னொரு காசும் தெரியும். அந்தக் காசை வைத்து எதுவும் வாங்க முடியாது, மார்க் மட்டும்தான்!

இங்கேயும் அவசரப்பட்டு மார்தட்ட முடியாது. வடமொழியில் 'கர்ஷம்' என்பது ஒரு நிறை அளவு. காசு அதிலிருந்து வந்தது என்றே பல ஆங்கில அகராதிகள் போடுகின்றன. சொற்கள் யாரிடமும் பாஸ்போர்ட் காட்டிவிட்டுப் பயணம் போவதில்லை.

சென்னை மாகாணத்தில் 1818ல் ரூபாய்க் கணக்கு வந்ததும் வராகனும் காசும் ஓரங்கட்டப்பட்டன. சமஸ்தானங்களில் மட்டும் காசு பிழைத்துக் கிடந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். புதுக்கோட்டையில் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு. தமிழ்க் கணக்கில் 320ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். நவராத்திரி சமயத்தில் மக்களுக்கு அரிசிப் படியோடு இந்தக் காசையும் சேர்த்து வழங்குவார்கள். 1948ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அந்த வழக்கமும் முடிந்தது.