அளந்த கையும் மிதித்த காலும்: வாசுதேவநல்லூர் மண்கோட்டை குறித்து

கோட்டை என்றதும் நம் மனசில் எழும்பி நிற்பது செஞ்சி, அல்லது வேலூர். கருங்கல், அகழி, யானை முட்டினாலும் அசையாத கதவு. வாசுதேவநல்லூரில் அப்படி ஏறிப் பார்த்துவிட்டு வர ஒன்றும் கிடையாது. தென்காசிக்கு வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி கிடக்கிற இந்த ஊரில் பூலித்தேவனுக்குப் பெரிய கோட்டை ஒன்று இருந்தது. 1759இலும் 1767இலும் அதை உடைக்கப் பீரங்கிகள் வந்தன. போர்ச் சரித்திரத்தில் இடம் பெற்ற இந்தக் கோட்டைக்குக் கட்டடக்கலைச் சரித்திரத்தில் அநேகமாக இடமில்லை. காரணம் ரொம்ப சாதாரணமானது: அது மண்ணால் ஆனது. கல்லில் செய்தால் கலை, மண்ணில் செய்தால் வெறும் வேலை என்று ஒரு கணக்கு நம் தலைக்குள் எப்பவோ ஏறி உட்கார்ந்துவிட்டது.

பூலித்தேவனின் தலைமையிடமான நெற்கட்டுஞ்செவலின் பெயரிலேயே மண் இருக்கிறது. செவல் என்றால் செம்மண் நிலம், கரிசலுக்கு எதிர்ப்பதம். 'நெல் கட்டும் செவல்' என்பதை, வரி கொடுக்க மறுத்தவனின் ஊர் என்பதால் 'நெல் கட்டான் செவல்' என்று ஜனங்கள் மாற்றிச் சொல்வார்கள். பெயராய்வுக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனக்கென்னவோ, வரலாறு எழுதத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கிற ஜனங்கள் ஒரே ஒரு சொல்லை மாற்றி வரலாறு எழுதிவிட்டதாகத்தான் படுகிறது. 1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் இந்த ஊருக்குத்தான் வந்தார்கள். ஹெரானிடம் சுவரை உடைக்கிற கனத்த பீரங்கி இல்லை, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. 20,000 ரூபாய் கொடுத்தால் போய்விடுகிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே இருப்பவரின் நிலைமை தெரிந்திருந்தது. ஒன்றும் கொடுக்கவில்லை. படை திரும்பிப் போனது.

இனி வாசுதேவநல்லூர். இந்தக் கோட்டை எப்படி இருந்தது என்று நமக்குச் சொல்கிற முக்கியமான பிரதி ராபர்ட் ஆர்ம் எழுதிய போர்ச் சரித்திரத்தின் இரண்டாம் பாகம் (1778). அதில் ஊரின் பெயர் 'வாஷிநெலோர்'. கால்டுவெல் தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) ஆர்மைத்தான் நம்பியிருக்கிறார். ஆர்ம் தரும் கணக்கு: நீளம் 650 கஜம், அகலம் 300 கஜம். நான்கு மூலையிலும் பெரிய கொத்தளங்கள், இடையிடையே சின்னக் கொத்தளங்கள். சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடவில்லை. நிலம் எப்படி ஏறி இறங்கி வளைந்ததோ அப்படியே வளைந்து போயிற்று. துப்பாக்கி நீட்டச் சுவரில் துவாரங்கள் உண்டு. பீரங்கி வைக்க வழி இல்லை. கோட்டைக்குள் பீரங்கியே ஒன்றுகூட இல்லை. கோட்டையை ஒட்டி அடர்ந்த முள்காடு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்பரப்பு சுமார் 40 ஏக்கர். சுற்றி நடந்தால் 1900 கஜம், அதாவது ஒரு மைலுக்கு மேல். இது ஒரு ராஜா குடியிருக்கிற 'அரண்மனை' அளவு இல்லை. ஆபத்து வந்தால் சனம், மாடு, தானியம் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிற அளவு.

ஆனால் இந்த அளவுகள் யாருடையவை? ஆர்ம் 1758இலேயே சென்னையிலிருந்து கப்பலேறிவிட்டவர். முற்றுகையை அவர் பார்க்கவில்லை. படையோடு போனவர்கள் அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும்தான் அவருடைய கண். அவர்கள் கோட்டையை எதற்காக அளந்தார்கள்? எந்த இடத்தில் குண்டு போட்டால் விழும், எந்தப் பக்கம் ஏறலாம் என்று தெரிந்துகொள்ள. கட்டியவன் தன் கோட்டையைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை. உடைக்க வந்தவன் கஜக்கோலோடு வந்து எழுதி வைத்திருக்கிறான். இன்று வாசுதேவநல்லூர்க் கோட்டையின் 'வரைபடம்' என்று நாம் கையில் வைத்திருப்பது குறிபார்க்கிற கண்ணின் வரைபடம். அந்தக் கண்ணுக்கு உள்வீடுகள் தெரியாது, கிணறு தெரியாது, அடுப்பு தெரியாது. சுவர் மட்டும்தான் தெரியும். இதைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, வேறு வழியும் இல்லை. யாருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம் என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

1759 டிசம்பரில் யூசுப்கான் (கான்சாகிப்) வந்தபோது கூடவே திருவிதாங்கூர்ப் படையும் வந்தது. முன்னால் பூலித்தேவன் பக்கம் நின்ற திருவிதாங்கூரைக் களக்காட்டுச் சீமையைக் கொடுத்துக் கான்சாகிப் தன் பக்கம் இழுத்திருந்தார். சுவரை இடித்து ஏறப் பார்த்தார்கள். ஏறுகிற நேரம் பார்த்துப் பூலித்தேவனின் ஆட்கள் காட்டுக்குள்ளிருந்து வெளிப்பட்டு முகாமைத் தாக்கினார்கள். முற்றுகை தோற்றது. ஆர்ம் அந்த வீரர்களின் ஆயுதங்களை வியப்போடு பட்டியலிடுகிறார். 18 அடி நீள ஈட்டி அதில் முக்கியம். இங்கே கவனிக்க வேண்டியது, கோட்டை சுவரோடு முடியவில்லை என்பது. முள்காடும் கோட்டைதான். மலையும் ஒரு வகையில் கோட்டைதான். சுவரைத் தனியாக எடுத்து அளந்ததுதான் உடைக்க வந்தவர்கள் செய்த தப்பு.

மண்சுவரின் சூட்சுமம் இன்னொன்று. கல்லில் குண்டு விழுந்தால் கல் தெறிக்கும், சேர்ந்த கல்லும் ஆட்டம் காணும். நன்றாக மிதித்து, வைக்கோல் கலந்து, அடுக்கடுக்காகக் காயவிட்டு ஏற்றிய மண்ணில் குண்டு புதைந்து போகும். ஓட்டை விழலாம், அந்த ஓட்டையை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்துவிடலாம். 1767 மே மாதம் கர்னல் டொனால்ட் கேம்பல் இதே வாசுதேவநல்லூரை அடித்தபோது நடந்தது இதுதான். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே உடைப்பில் பனைமரத்தையும் வைக்கோலையும் போட்டு அடைத்தவர்களைக் கண்டு கேம்பல் அசந்துபோய் எழுதியிருக்கிறார். வடக்கே பரத்பூர் மண்கோட்டையில் 1805இல் லேக் பிரபு நான்கு தடவை மோதியும் உள்ளே போக முடியவில்லை. மாலியில் ஜென்னே மசூதிக்கு வருஷா வருஷம் ஊரே கூடி மண் பூசுகிறது. நம் ஊர்களிலும் மழைக்கு முன்னால் வீட்டுச் சுவருக்கு மண் பூசுகிற வேலை இருந்ததே, அதே அறிவுதான் கோட்டையிலும். மண்கட்டடம் ஒருமுறை கட்டி முடிக்கிற சமாச்சாரம் இல்லை, திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கிற சமாச்சாரம்.

இதற்குப் பெரிய சாட்சி பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு கும்பினி அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்துக்குள் மெக்காலேயின் படை போய்ப் பார்த்தால் கோட்டை எழும்பி நிற்கிறது. மார்ச் 31 தாக்குதலில் கும்பினி தோற்றது. மே 24இல்தான் அக்னியூவால் பிடிக்க முடிந்தது. இடித்தது சுவரைத்தான், சுவர் எழுப்பத் தெரிந்த ஆட்களை அல்ல என்பது அப்போதுதான் வெள்ளைக்காரர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையத்தார் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. கோட்டைகளும் போயின. இதை வெறும் ராணுவ நடவடிக்கை என்று நான் வாசிக்கவில்லை. நூற்றுக்கணக்கான கைகால்கள் ஓரிடத்தில் கூடி மண்ணைக் குழைக்கிற அந்தப் பழக்கத்தையே தடை செய்த உத்தரவு அது.

அந்தக் கைகால்கள் யாருடையவை? பூலித்தேவனை மறவர் குல மன்னன் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வழக்காறுகளில் அவனுக்குத் தளபதிகளாக அருந்ததியரான ஒண்டிவீரனும் பள்ளரான வெண்ணிக் காலாடியும் வருகிறார்கள். எதிரியின் முகாமில் புல்லுக்குள் ஒளிந்து கிடந்தபோது குதிரை கட்டும் முளை கையில் இறங்க, சத்தம் போடாமல் கையை வெட்டிக்கொண்டு வந்தவன் ஒண்டிவீரன். கிழிந்த வயிற்றைத் துணியால் கட்டிக்கொண்டு சண்டை போட்டவன் காலாடி. கும்பினியின் பிரதி சுவரை அளக்கிறது. ஜனங்களின் பிரதி கையையும் வயிற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஒன்றில் ஆள் இல்லை, மற்றதில் அளவு இல்லை. வாசுதேவநல்லூரில் ஒரு மைல் சுற்றளவுக்கு மண் சுமந்து மிதித்தவர்களின் பெயர் இரண்டிலுமே இல்லை.

1761 மே 16ஆம் தேதி நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் கான்சாகிப்பிடம் விழுந்தன. பூலித்தேவன் கடலாடிக்குத் தப்பினான். கான்சாகிப் பிற்பாடு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் தானே முற்றுகைக்கு ஆளாகி, 1764 அக்டோபர் 15இல் தூக்கில் தொங்கினார். பூலித்தேவனின் முடிவைச் சங்கரன்கோவிலில் கேட்டால் கோயிலுக்குள் ஒரு இடத்தைக் காட்டுவார்கள். அங்கே போனவர் மறைந்துவிட்டார் என்பது ஐதீகம்.

இன்று நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவனுக்கு அரசு நினைவு மாளிகை உண்டு. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் உண்டு; 2022இல் அஞ்சல்தலையும் வந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசே ஒரு கோட்டையைக் கட்டி எழுப்பியது. தலைவர்களுக்கு மாலை போடுகிற நாட்களில் எந்தச் சாதி எந்த நேரத்தில் எந்தப் பாதையில் வர வேண்டும் என்று போலீஸ் பட்டியல் போடுகிறது. பனைமரமும் வைக்கோலும் கொண்டு ஓடி வந்து ஒரே உடைப்பை அடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பட்டியல்.

கேம்பலின் 1767 முற்றுகை முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கனமழை பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் அந்த மழைக்குள் முற்றுகையைக் கிழித்துக்கொண்டு வெளியேறிப் போய்விட்டார்கள். கும்பினியின் கையில் மிஞ்சியது ஆளில்லாத சுவர்கள்தான்.