பாண்டியர் வாங்கிய பரிகள்



நிலக்கோட்டையைச் சுற்றியுள்ள எங்கள் சிற்றூர்களில் அய்யனார் கோயில்களைக் காண்போர், வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைக் கண்டு வியப்பர். மண்ணால் ஆன இப்பரிகள் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கி நிற்கின்றன. பொன் கொடுத்து வாங்கிய உயிர்ப்பரிகளோ பாண்டிய நாட்டில் நெடுநாள் நிலைக்கவில்லை. அது ஏன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இந்நாட்டைப் பற்றி எழுதினார். உடன்பிறந்த அரசர் ஐவரும் ஆளுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் கூறுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார். கடலில் இறந்த குதிரைகளுக்கும் அரசர் கருவூலமே விலை கொடுத்ததாம்! பயணிகள் தரும் எண்கள் மிகையாகவும் இருக்கலாம். ஆயினும் பொன் வெளியே சென்றது, குதிரை நிலைக்கவில்லை என்பதில் இருவரும் ஒத்துப் போகின்றனர்.

மார்க்கோ போலோ கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினராம். குதிரை வைத்தியரோ இங்கு இல்லை. வணிகர்கள் அவர்களை அழைத்து வரவுமில்லை, வர விடவுமில்லை. குதிரை இறந்தால்தானே மறு குதிரை விலைபோகும்!

அப்படியானால் இந்திய நாட்டில் பரிமருத்துவமே இல்லையா? இருந்தது. மருந்தின் குறையாலோ கவனக்குறைவாலோ குதிரையின் நோய் முற்றினால், சிகிச்சைச் செலவைப் போல் இருமடங்கு தண்டம் என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. நேர்மாறான கேடு விளைந்தால் குதிரையின் விலையே தண்டம். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-இல் அச்சிட்டது. ஏட்டில் அறிவு இருந்தது; இலாயத்தில் நின்றவன் கைக்கு அது எட்டவில்லை என்பதே என் கருத்து.

கைக்கெட்டாத அறிவு குதிரைக்குக் குறிப்பாகக் கேடு செய்யும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தவறாக உட்கொண்டதை அது வெளியே தள்ளாது. கோழிக்கும் மாட்டுக்கும் தீவனத்தில் அளவோடு சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து, சிறிதளவிலேயே குதிரையின் இதயத்தைச் சிதைத்துவிடும். ஆகவேதான் இக்கால மருந்துக் கையேடுகள் எந்த விலங்கு, எவ்வளவு எடை, எந்த அளவு, எப்போது கூடாது என்று தனித்தனியே வகுத்துரைக்கின்றன.

இவ்வறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1880-இல் தேரா இஸ்மாயில் கானில் கிரிபித் எவன்சு என்னும் மருத்துவர், குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்ற சர்ரா நோயின் கிருமியை அவற்றின் இரத்தத்தில் கண்டார். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, முறையான கல்வியை நம் மாணவர்க்கு வழங்கியது.

மாணவர்களே, பாண்டியரிடம் பொன் இருந்தது, துறைமுகம் இருந்தது, வீரமும் இருந்தது. விலை கொடுத்து வாங்கியதைப் பேணும் கல்வி மட்டும் உடன் வரவில்லை. எப்பொருளை வாங்கினும் அதைக் காக்கும் அறிவையும் கேட்டுப் பெறுங்கள். அவ்வறிவைத் தர மறுப்பவனிடம் எச்சரிக்கையாய் இருங்கள்.