மலையிலிருந்து கடலுக்கு

நுவரெலியாவில் விடியற்காலையில் பஸ் ஏறும் பயணி கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கியிருப்பான். தங்காலைக் கடற்கரையில் இறங்கும்பொழுது அவன் உடல் வியர்வையில் நனைந்திருக்கும். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து கடல் மட்டம் வரையான இறக்கம் அது. வெலிமடை, பண்டாரவளை எனத் தவழ்ந்துவரும் பாதை, எல்ல என்னும் ஊரைத் தாண்டியதும் தன் உண்மைச் சொரூபத்தைக் காட்டுகிறது. ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரத்திற்குள் வெல்லவாயச் சமவெளியை அடைய எண்ணூறு மீற்றருக்கு மேல் இறங்கவேண்டும். ஒரு புறம் செங்குத்தான பாறை. மறு புறம் பாதாளம். வளைவுக்கு வளைவு வண்டி சாய்கையில், முருகனை அழைப்பவரும் புத்தரை நினைப்பவரும் ஒரே கம்பியைத்தான் பற்றிக்கொள்கின்றனர்.

இவ்வச்சத்தை நாம் இயற்கையின்மேல் சுமத்திவிடுகிறோம். மலை இயற்கையின் படைப்பு. பாதையோ மனிதனின் படைப்பு. அதற்கொரு சரித்திரம் உண்டு.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்தபொழுது, பாதையற்ற மலைநாட்டை ஆள முடியாதென்பதை அவர்கள் உணர்ந்தனர். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டிப் பாதை வெட்டப்பட்டது. அதனைச் சமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கிறது. இராஜகாரியம் என்ற பெயரில் கூலியின்றிப் பாறை பிளந்த கிராமத்தவருக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. இராஜகாரியம் 1832இல்தான் ஒழிக்கப்பட்டது.

படைக்காக வெட்டிய பாதை பின்னர் கோப்பிக்குப் பயன்பட்டது. கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியேறிக் கடலை நோக்கி இறங்கின. அக்கோப்பியைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரோ, மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே கால்நடையாய் மலையேறினர். வழியிலேயே மடிந்தோர் பலர். பண்டத்திற்கு வண்டி, மனிதனுக்குக் கால்! இதுவே அக்காலத்துப் போக்குவரத்து நீதி. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதம் 1924இல் பதுளையில் வந்து நின்றுவிட்டது. ஊவாவிலிருந்து தென்கடலுக்கு இறங்க இன்றும் இருப்புப் பாதை இல்லை. ஏழைக்குப் பஸ்ஸே கதி.

பஸ்ஸின் கதை என்ன? தனியார் கம்பனிகள் பயணிகளுக்காகப் போட்டியிட்டு ஓடிய காலத்துக்கு முடிவுகட்ட, 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதன் குறைகள் பல. எனினும் ஆள் சேர்ப்பதற்காக அதன் சாரதி பந்தயம் ஓடவேண்டியதில்லை. 1970களின் இறுதியில் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அன்றைய வசூலே அன்றைய கூலி என்ற முறையும் பரவியது. முந்தினவனுக்கே பயணி, பிந்தினவனுக்குப் பசி. அந்நிலையில் வேகம் சாரதியின் குணக்கேடு மட்டுமன்று. அவன் வயிற்றின் கட்டளையுமாகும்.

நீண்ட இறக்கத்தில் வேகத்தின் விளைவு யாது? கீழ்க் கியரில் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆனால் பயணம் மெதுவாகும். நேரத்தை மிச்சப்படுத்த மேற்கியரில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், உராய்வினால் பிரேக் கொதிப்பேறிப் பிடிமானத்தை இழக்கும். மிதிக்க மிதிக்க வண்டி நில்லாது. தேய்ந்த பிரேக்கும், களைத்த சாரதியும், அளவுமீறிய கூட்டமும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை.

2025 மே மாதம், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் கொத்மலையில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா முடிந்து மலையிலிருந்து தங்காலைக்குத் திரும்பிய பஸ், இதே எல்ல - வெல்லவாயப் பாதையில் ஆயிரம் அடிப் பள்ளத்தில் உருண்டது. பதினைந்து உயிர்கள் பறிபோயின. இவ்விரண்டின் காரணங்களையும் கூறுவது விசாரணையின் வேலை. ஆனால் வலுவான தடுப்புச் சுவர், ஒழுங்கான வாகனப் பரிசோதனை, சாரதிக்கு மாதச் சம்பளமும் ஓய்வும் ஆகியவற்றைக் கேட்பதற்கு எந்த விசாரணைக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் படைக்காகவும் பண்டத்துக்காகவும் மலையைப் பிளக்கப் பணமிருந்தது. அப்பாதையிற் செல்லும் மனிதனைக் காக்க மட்டும் பணமில்லையா?