தீவும் நோயேடும்

அந்தமான் தலைநகருக்குத் தெற்கே, சில கல் தொலைவில் அமைந்த ஊர் கராச்சர்மா. தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் பகுதி அது. அங்கே ஓர் அரசு மருத்துவமனை உண்டு. தீவில் ஆற்றவியலாத நோய் கண்டவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்லவேண்டும். நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார். அவரைப் பற்றிய குறிப்புகள் போய்ச் சேருமா? இவ்வினாவை ஆராய்வது இன்று மருத்துவத் தகவலியல் என்னும் தனித்துறையாக வளர்ந்துள்ளது. மருத்துவர்களை அதில் பயிற்றுவிக்கும் முயற்சி புதியதாயினும், அதன் தேவை இத்தீவுகளில் மிகப் பழையது.

1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இருநூறு கைதிகளுடன் வந்து இங்குக் குடியேற்றம் நிறுவிய வாக்கர் என்பவரே ஒரு மருத்துவர்தாம். தப்பியோடிப் பிடிபட்டோர் பலரைத் தூக்கிலிட்டவரும் அவரே; பட்டம் பெற்றதனால் மட்டும் பரிவு வந்துவிடுவதில்லை. அந்நாளைய ஏடுகள் கைதிகளின் தலைகளை எண்ணின. நோய்க்குக் காரணம் தேடப் பெரிதும் பயன்படவில்லை.

ஏட்டைப் பயன்கொள்ளும் வழியைக் காட்டியவர் கிறிஸ்டோபர்ஸ். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த இவருடைய அந்தமான் மலேரியா ஆய்வறிக்கை 1912இல் வெளிவந்தது. அவர் ஊர்தோறும் சென்று, சிறுவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்தார். அக்கணக்கை நிலப்படத்தோடு ஒப்பிட்டார். உப்புநீர்ச் சதுப்பை ஒட்டிய ஊர்களில் எண்ணிக்கை மிகுந்தது. விலகிய ஊர்களில் குறைந்தது. உவர்நீரில் முட்டையிடும் ஒருவகைக் கொசுவே காரணம் என்பது அதனால் தெளிவாயிற்று. ஒரு சிறுவனை மட்டும் நோக்கிய மருத்துவருக்கு இவ்வுண்மை புலப்பட்டிராது. பல சிறுவர்களின் குறிப்புகளை ஒருங்கே வைத்து, 'எங்கே?' என்று வினவியவருக்கே அது புலப்பட்டது. கணிப்பொறி பிறவாத காலத்துத் தகவலியல் இது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

இன்னுமொரு நிகழ்ச்சி நம் காலத்தது. 1988 முதல் வட அந்தமானில், மழைக்காலம் ஓயும் தறுவாயில், ஒரு கடுங்காய்ச்சல் ஆண்டுதோறும் தோன்றியது. சிலர் இருமலில் குருதி கக்கி மாண்டனர். பெயரறியா நோய்க்கு 'அந்தமான் குருதிப்போக்குக் காய்ச்சல்' என்று பெயரிட்டனர். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயே அது என்பது 1993இல்தான் தெளிவாயிற்று. போர்ட்பிளேயரில் 1983இல் தொடங்கப்பெற்ற வட்டார மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் பணி அது. முடிவைச் சொன்னது குருதிச் சோதனையே. ஆயினும் எவருடைய குருதியைச் சோதிப்பது, எந்த மாதத்தில், எத்தொழில் செய்வாரிடம் என்னும் வினாக்களுக்கு நோயேடே விடை தரவேண்டும். ஐந்து மழைக்காலங்கள் கடந்தன என்பதை நாம் மறத்தற்கில்லை.

இத்தகைய ஆராய்ச்சி நெடுங்காலம் தனிமனிதர் ஆர்வத்தைப் பொறுத்தே இருந்தது. அமெரிக்காவில் 2011இல் இதனை மருத்துவத்தின் ஒரு கிளையாக ஏற்றனர்; 2014 முதல் முறையான பயிற்சி நிலையங்களுக்கு ஒப்புதல் அளித்தனர். முன்னரே ஒரு துறையில் தேர்ந்த மருத்துவர் மேலும் ஈராண்டு மருத்துவமனையிலேயே பயில்கிறார். நோய்க்குறிப்பை எவ்வாறு அமைப்பது, கணிப்பொறியின் எச்சரிக்கை எங்கே உதவும், எங்கே வெறும் தொல்லையாகும், நோயாளியின் மறையை எங்ஙனம் காப்பது என்பன அவர் கற்பவை.

நம் நாட்டில் கருவிகள் முந்திக்கொண்டன. 2002 வாக்கில் விண்கோளின் வழியே போர்ட்பிளேயரின் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை சென்னைப் போரூரின் இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் திறக்கப்பெற்றது. ஐந்தே நாட்களில், தேசிய டிஜிட்டல் நலவாழ்வுத் திட்டத்தின் முன்னோட்டத்திற்குரிய ஆறு ஒன்றியப் பகுதிகளுள் அந்தமானும் ஒன்றாயிற்று. அவ்வாண்டே தொலைமருத்துவ விதிகளும் வந்தன. தொலைவழி மருத்துவம் பார்ப்போர் ஓர் இணையப் பாடத்தைப் பயிலவேண்டும் என்றும் வகுத்தன. இலக்னோவின் சஞ்சய் காந்தி நிலையம் போன்ற சில இடங்களில் கற்பித்தல் நிகழ்கிறது. எனினும் ஈராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்னும் முறை இங்கு இன்னும் பரவலாக வேரூன்றவில்லை. வடம் வந்த வேகத்தில் ஆசிரியர் வரவில்லை என்பதே நம் எண்ணம்.

இதில் பிற மாநிலத் தமிழராகிய நமக்குத் தனியான தொடர்பொன்று உண்டு. நம்மவருட் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. 'மு. கந்தசாமி' என்பவர் ஒரு மருத்துவமனையில் 'கந்தசாமி முருகன்' ஆவார். மற்றொன்றில் 'முருகன் கே.' ஆவார், தந்தையின் பெயரே முன்னே ஏறிக்கொள்ளும். ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்னும் குறிப்பு ஓர் ஏட்டில் கிடக்க, வேறோர் ஏட்டை நோக்கி மருந்தெழுதினால் விளைவு என்னாகும்? ஒவ்வொருவருக்கும் பதினான்கு இலக்க நலவாழ்வு எண் வழங்குவது இக்குழப்பத்தைக் குறைக்கவே. ஆனால் எண்ணைக் கொடுத்தபின்னும், பழைய ஏடுகளுள் எவை ஒரே மனிதருடையவை என்று ஒப்பிட்டுத் தீர்மானிக்க, நோயையும் அறிந்து, பெயரிடும் வழக்கத்தையும் அறிந்த மருத்துவர் ஒருவர் கராச்சர்மாவிலும் உட்காரவேண்டியிருக்கிறது.