கடல் காத்த சான்று

போரினால் தரைவழி அடைபட்டிருந்த காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு வானும் கடலுமே வழிகளாயிருந்தன. 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், 48 பயணிகளோடும் 7 பணியாளரோடும் பலாலியினின்று இரத்மலானை நோக்கி எழுந்தது லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம். சிறிது நேரத்தில் அதன் தொடர்பு அற்றது. ஒருவரும் மீளவில்லை.

விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியதென்னும் ஐயம் எழுந்தது. ஆயினும், சிதைவுகள் கிடையாமல் விசாரணை எங்ஙனம் நிறைவுறும்?

2009இல் போர் ஓய்ந்தது. 2012 ஒக்டோபரில், நெடுந்தீவுக்குத் தென்கிழக்கேயுள்ள இரணைதீவுக் கடலடியில் கடற்படையினர் சிதைவுகளைக் கண்டனர். மீட்கப்பெற்ற உடைகளும் உடைமைகளும் 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் விடையின்றிக் காத்திருந்தோர்க்கு, உப்புநீரில் ஊறிய அத்துணிகளே சாட்சியாயின.