மூடி வைத்த ஜாடி

கதை எழுதுகிறவனுக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். இண்டர்மீடியட்டில் இரண்டு வருஷம் பிராணிநூல் படித்ததைத் தவிர எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆனாலும் அங்கே கேட்ட ஒரு சரித்திரம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு கிழவி கருவாடு கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு மழைக்காலம். வாங்கி நாலு நாள்கூட ஆகவில்லை, சட்டியில் புழு நெளிந்தது. அம்மா அவளைத் தெருவில் நிறுத்தி வைத்து ஏசினாள். “சட்டியை மூடி வச்சிருந்தியா தாயி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள் கிழவி. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றோடு எங்கள் தெருவில் அவள் வியாபாரம் போயிற்று.

அழுகினால் புழு தானாகவே உண்டாகும் என்பது அம்மாவின் அபிப்பிராயம் மட்டும் அல்ல. அரிஸ்டாட்டில் முதற்கொண்டு பெரிய பெரிய அறிஞர்கள் அப்படி நம்பினார்கள். நம் முன்னோரும் நால்வகைப் பிறப்பு என்று சொன்னபோது கருப்பை, முட்டை, வித்து இவற்றோடு வேர்வையையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘காஸ்’ என்ற வார்த்தையை உலகத்துக்குத் தந்த வான் ஹெல்மாண்ட், அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் பானையில் போட்டு வைத்தால் 21 நாளில் எலி உண்டாகும் என்று எழுதி வைத்தார்!

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து அரண்மனை வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடிக்குச் சந்தேகம் வந்தது. ரெடி ஒரு கவிஞரும்கூட. ஹோமரின் காவியத்தில், மாண்டுபோன நண்பனின் காயங்களில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடுமே என்று அக்கிலீஸ் கலங்குகிறான். இதை ரெடி கவனித்தார். கசாப்புக்காரர்கள் கோடைக்காலத்தில் இறைச்சியைத் துணியால் மூடுவதையும் கவனித்தார். ஆனால் கவியையும் கசாப்புக்காரனையும் நம்பி அவர் நின்றுவிடவில்லை. பாம்பு, மீன், விலாங்கு, கன்றின் இறைச்சி இவற்றை நாலு ஜாடிகளில் போட்டு வாயைக் காகிதத்தால் இறுகக் கட்டினார். அதே பண்டங்களை இன்னும் நாலு ஜாடிகளில் போட்டுத் திறந்து வைத்தார். திறந்தவற்றில் புழு, மூடியவற்றில் இல்லை.

“காற்றை அடைத்தால் உயிர் எப்படி உண்டாகும்?” என்று யாரும் கேட்டுவிடக்கூடுமல்லவா? அதற்காகக் காற்றுப் புகும்படி மெல்லிய வலைத்துணியால் மூடிப் பார்த்தார். ஈக்கள் துணியைத்தான் மொய்த்தன. உள்ளே இறைச்சியில் புழு இல்லை. 1668-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி இரண்டு ஜாடி வைத்துப் பார்ப்பது இன்றும் உயிர்நூல்காரர்களின் வழி.

இத்தனை செய்த ரெடியே இன்னொரு இடத்தில் சறுக்கினார். மரங்களில் முண்டு முண்டாக வீங்கும் கரணைக்குள் இருக்கும் புழுவை மரமே பெறுகிறது என்று எண்ணிவிட்டார். அவையும் பூச்சியிட்ட முட்டையிலிருந்து வந்தவையே என்று மல்பீஜி முதலியோர் பின்னால் காட்டினார்கள்.

வாதமும் அத்துடன் முடியவில்லை. நுண்ணுயிர்கள் பூதக்கண்ணாடியில் தெரிந்ததும், “புழு போகட்டும், இவை தானாகத்தானே வருகின்றன?” என்றார்கள். ஸ்பல்லன்சானி 1765-ல் இறைச்சிச் சாற்றைக் கொதிக்க வைத்துக் குடுவையை உருக்கி மூடினார், சாறு கெடவில்லை. “காற்றைக் கெடுத்துவிட்டீர்!” என்றார்கள். கடைசியில் பாஸ்டர் அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்த குழாயுள்ள குடுவை செய்தார். காற்றுப் போயிற்று; தூசும் அதிலிருந்த கிருமியும் வளைவில் தங்கிவிட்டன. சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டது. 1862-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அவருக்குப் பரிசளித்தது. ஆதியில் முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது வேறு கேள்வி. ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது.

வகுப்பில் இதைக் கேட்ட அன்று எனக்குக் கிழவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுச் சட்டிக்கு மூடி கிடையாது. விடுமுறைக்கு ஊர் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்து, “அவ செத்து ரெண்டு வருஷம் ஆச்சுடா” என்றாள்.