எடுசாட்

எடுசாட் (ஜிசாட்-3) என்பது கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ உருவாக்கிய இப்புவிநிலைக் கோள், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்01 ஏவூர்தியில் ஏவப்பட்டு, கிழக்குத் தீர்க்கரேகை 74 பாகையில் நிலைநிறுத்தப்பட்டது. எடை சுமார் 1,950 கிலோ. திட்டமிட்ட ஆயுள் 7 ஆண்டு.

நாடு முழுவதற்குமான அலைக்கற்றையோடு, வட்டாரங்களுக்கென 5 தனிக் கு-பட்டைக் கற்றைகளும் இதில் இருந்தன. அந்தந்தப் பகுதியின் மொழியில் பாடம் நடத்த இது வழிசெய்தது. முன்னோட்டமாக, கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்சாட்-3பி செயற்கைக்கோள் வழியே தன் பொறியியல் கல்லூரிகளை இணைத்தது. ஒளிப்பதிவுக் கூடத்தில் ஆசிரியர் பேச, கூரையில் ஆன்டெனா பொருத்திய தொலைதூர வகுப்பறைகள் பார்த்தன. இருவழி முனையமுள்ள இடங்களில் மாணவர் கேள்வியும் கேட்க முடிந்தது. சமிக்ஞை ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரம் சென்று திரும்ப வேண்டியிருந்ததால், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடி மௌனம் விழுந்தது. ஒருவழி முனையங்களில் கேள்வி கேட்கும் வசதி இருக்கவில்லை; பல்கலைக்கழக வகுப்பு அங்கே தொலைக்காட்சியாகச் சுருங்கியது எனலாம்.

எடுசாட் 2010இல் பணி ஓய்வு பெற்றது. இதற்கிடையே, இந்திய அறிவியல் கழகமும் 7 ஐ.ஐ.டி.களும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் விரிவுரைகளை இணையத்துக்குக் கொண்டுவந்தது.